பிறையும் இரண்டாம் துணை முதல்வர் பதவியும்: பினாங்கில் தமிழர் ஓட்டின் எடை

2023 ஆகஸ்டு 12 அன்று மலேசியாவின் பினாங்கு மாநில மக்கள் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் மாநிலத் தமிழர்கள் அதிகம் பேசிய முடிவு அதற்கு முன்பே, மாநிலத்தை ஆண்ட ஜனநாயகச் செயல் கட்சி (ஜ.செ.க.) வேட்பாளர் பட்டியலை அறிவித்தபோதே வந்துவிட்டது. 2008 முதல் பிறை சட்டமன்ற உறுப்பினராகவும் மாநிலத்தின் இரண்டாம் துணை முதல்வராகவும் இருந்த பேராசிரியர் பி. இராமசாமியின் பெயர் அதில் இல்லை. பிறையில் அவருக்குப் பதில் சுந்தரராஜு சோமு நின்று வென்றார். துணை முதல்வர் பதவி டத்தோ கெராமாட் உறுப்பினர் ஜக்டீப் சிங் டியோவுக்குப் போனது.

உடனே கேள்வி கிளம்பியது: அந்த நாற்காலி இந்தியருக்கு உரியதா, தமிழருக்கு உரியதா? ஜக்டீப் பஞ்சாபி சீக்கியர். அரசாங்கப் படிவத்தில் இருவரும் 'இந்தியர்'தான். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் ஒட்டுக்கடை மேசையிலும் அந்தப் படிவத்தை யாரும் மதிக்கவில்லை.

2008இலிருந்து 2023 வரையிலான அந்தப் பதவியின் கதையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதை ஒரு தனிமனிதரின் ஏற்ற இறக்கமாகப் பார்த்தால் சுவையாக இருக்கும், ஆனால் பயன் குறைவு. பினாங்கில் தமிழ் அடையாளத்துக்கு எடை கிடைப்பது கட்சிகள் தொகுதி பிரிக்கும் மேசையில். அந்த எடை கூடுவதும் குறைவதும், தமிழர் ஓட்டுக்காக எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதுதான் நான் சொல்ல வருவது.

பத்தில் ஒருவர்

தமிழ்நாட்டு வாசகருக்கு மொழி அரசியல் என்றதும் 1967 நினைவுக்கு வரும். திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்த ஆண்டு. அது நடக்க ஓர் அடிப்படை இருந்தது: 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பிறகு சென்னை மாநிலத்தில் தமிழ் பேசுபவர்களே பெரும்பான்மை. மலேசியாவில் அந்த வசதி கிடையாது. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில்கூட இந்தியர் பாதிப்பேர் இல்லை. பினாங்கில் இந்தியர்கள் மொத்தமாகவே மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மாநிலத்தில் 40 சட்டமன்றத் தொகுதிகள், 13 நாடாளுமன்றத் தொகுதிகள். அதிக ஓட்டு வாங்கியவர் வென்றார், மற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்ற முறையில், சிதறிக் கிடக்கும் பத்து விழுக்காடு தன் பலத்தில் ஒருவரைக்கூட அனுப்ப முடியாது.

பெருநிலப் பக்கத்தில் இருக்கும் பிறை கொஞ்சம் வேறு. அந்நாளைய வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்கள், பிறகு ரப்பர்த் தோட்டங்கள், ரயில்வே, துறைமுகம், அப்புறம் தொழிற்பேட்டை என்று தமிழ்க் கூலிகளையும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் இழுத்த இடம் அது. வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இந்தியர். அங்கேயும் பெரிய கூட்டம் சீன வாக்காளர்கள்தான். பிறையில் தமிழர் ஒருவர் ஜெயிக்க வேண்டுமானால் இன்னொரு சமூகத்தின் ஓட்டு கட்டாயம் வேண்டும். அந்த ஓட்டை வைத்திருக்கும் கட்சி எதுவோ, அது தருகிற சீட்டும் வேண்டும்.

அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக் கூட்டணி ஆண்ட காலத்தில் இந்தச் சீட்டு அதன் இந்தியர் கட்சியான ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஒதுக்கப்பட்டது. பினாங்கில் அதற்குப் பிறை, பாகான் டாலாம் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். கூட்டணியின் மலாய்க் கட்சியான அம்னோ, சீனர் ஆதரவுள்ள மசீச, கெராக்கான் ஆகியவற்றின் ஆதரவாளர்களின் ஓட்டுதான் ம.இ.கா. வேட்பாளரைக் கரைசேர்த்தது. அதனால் அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதிலும் குழப்பம் இல்லை.

வேறு ஒரு வழியும் இந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்தது. 1957 ஜனவரி 1 அன்று ஜோர்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில், எந்த இன ஒதுக்கீடும் இல்லாமல், இடதுசாரிக் கட்சி ஒன்றின் வழியாக வந்தவர். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அந்த வழி மூடிக்கொண்டது. இன்றைக்குப் பினாங்கில் மாநகர மன்ற உறுப்பினரும் நியமனம்தான், மேயரும் நியமனம்தான்.

2008

2007 நவம்பர் 25. கோலாலம்பூரில் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பேரணி. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்கப் போனவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் ரசாயன நீரும் பாய்ந்தன. அதற்கு முந்தைய மாதம், தீபாவளிக்குச் சில நாட்கள் இருக்கையில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கோயில் இடிக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள்.

இண்ட்ராஃப் மொழி இயக்கமா? பெயரில் இந்து உரிமை. கோரிக்கையில் தோட்டம் விட்டு வெளியேற்றப்பட்டவர்களின் வறுமை. ஆனால் கூட்டத்தைச் சேர்த்த குரல் தமிழ். 'மக்கள் சக்தி' என்ற முழக்கத்தை மலாய்க்காரரும் சீனரும் செராமா என்னும் அரசியல் கூட்ட மேடைகளில் சேர்ந்து கத்திய காலம் அது. மதம், மொழி, வர்க்கம் மூன்றையும் அங்கே பிரித்துப் பார்க்க முயல்பவர்கள் அந்த ஆண்டைத் தவறவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் ம.இ.கா. ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றில் மட்டும் வென்றது. 1979இலிருந்து கட்சித் தலைவராக இருந்த சாமிவேலு சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். பினாங்குச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிகளான ஜ.செ.க.வுக்கு 19, பி.கே.ஆருக்கு (மக்கள் நீதிக் கட்சி) 9, இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கு 1. தேசிய முன்னணிக்கு மிஞ்சிய 11 இடங்களும் அம்னோவுடையவை. கெராக்கான், மசீச, ம.இ.கா. மூன்றும் துடைத்தெடுக்கப்பட்டன.

தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த இராமசாமி அன்றைக்கு இரண்டு இடத்தில் வென்றார். பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் 1990இலிருந்து முதல்வராக இருந்த கோ சு கூனை 9,000க்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வீழ்த்தினார். பிறை சட்டமன்றத் தொகுதியும் அவருக்கே. ஜ.செ.க.வின் லிம் குவான் எங் முதல்வரானார். அதுவரை மாநிலத்தில் துணை முதல்வர் ஒருவர்தான். அது அம்னோவின் இடம். இப்போது இரண்டு: முதலாவது பி.கே.ஆரின் மலாய்த் தலைவருக்கு, இரண்டாவது இராமசாமிக்கு. இந்திய வம்சாவளியினர் ஒருவர் மாநிலத் துணை முதல்வரானது அதுவே முதல் முறை.

அந்தப் பதவியைத் தேர்தலில் யாரும் கேட்கவில்லை. ஆட்சியைத் தூக்கி எறிவதற்காகத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். பதவி என்பது கட்சி சொன்ன நன்றி, கூடவே அடுத்த தேர்தலுக்கான முன்பணம். பதினைந்து வருடம் கழித்து அதைக் கட்சியே திருப்பி எடுத்தபோது வந்த கோபத்தில் இந்த ஆரம்பம் மறந்துபோனது.

பதவியால் முடிந்ததும் முடியாததும்

2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமானது. நவம்பரில் மாநில அரசு பழைய நகரத் தெருக்களில் பல மொழிப் பலகைகளை வைத்தது. மேலே மலாய், கீழே அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி ஆங்கிலம், சீனம், தமிழ், அரபு. அம்னோ தரப்பு தேசிய மொழிக்கு அவமரியாதை என்று எதிர்த்தது. லிட்டில் இந்தியா பக்கம் தமிழ் எழுத்து வந்தது. சின்ன விஷயம்தான், செலவும் குறைவு, ஆனால் மாநில அரசு தன் அதிகாரத்துக்குள் செய்துமுடிக்கக் கூடியது. அதனால்தான் செய்தார்கள்.

பள்ளிக்கூடம் அப்படி இல்லை. மலேசியாவில் தமிழ்க் கல்வியின் வரலாறே பினாங்கில்தான் தொடங்குகிறது: 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு தமிழ் வகுப்பு. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள், எல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். புதிய மாநில அரசு ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கியது, நிலப் பிரச்சினைகளில் உதவியது. ஆனால் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்று கட்டலாம் என்று இராமசாமி முன்வைத்த திட்டம் மத்தியக் கல்வி அமைச்சில் முட்டி நின்றது. கல்வி கூட்டரசின் அதிகாரம். பினாங்குக்காரர் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் கூட்டரசு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில்தான் முடிவாகும்.

தமிழ்ப்பள்ளியைத் தனித்துப் பார்ப்பது நமக்குப் பழக்கம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சீனப்பள்ளியும் தமிழ்ப்பள்ளியும் ஒரே 'தேசிய வகை' பிரிவில் வருகின்றன. 1961 கல்விச் சட்டத்தில், தேசிய வகைத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்த பிரிவை இரண்டு சமூகமும் பல பத்தாண்டுகள் பயத்தோடு பார்த்தன. 1996 சட்டத்தில்தான் அது போனது. 2019இல் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் ஜாவி (அரபு வரிவடிவில் மலாய்) எழுத்துக்கலையைச் சேர்க்கப் போவதாக அறிவித்தபோதும் எதிர்ப்பின் முன்னணியில் நின்றது சீனக் கல்வி அமைப்பான டோங் சோங். கடைசியில் பக்கங்கள் குறைக்கப்பட்டன, பெற்றோர் சம்மதம் கேட்கப்பட்டது. அந்தப் பலன் தமிழ்ப்பள்ளிக்கும் வந்தது. தமிழ்ப்பள்ளியின் தேர்தல் பலத்தில் பாதி, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட வேலியில் சாய்ந்து நிற்கும் கொடி மாதிரி. வேலிக்காரருக்கு நன்றி சொல்லலாம், ஆனால் வேலியின் உயரத்தை நாம் தீர்மானிக்க முடியாது.

மொழிக்கு அடுத்தபடி கோயில். 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர் கொண்ட இந்து அறப்பணி வாரியத்துக்கு இராமசாமி தலைவரானார். தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி கோயில் புதிதாக எழுந்து 2012இல் குடமுழுக்குக் கண்டது. 2017 தைப்பூசத்தில் வாரியம் தங்கரதம் விட்டது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளிரதம் 1894இலிருந்து வருவது. அந்த ஆண்டிலிருந்து இரண்டு ரதங்கள், இரண்டு பாதைகள், யார் முதலில் என்ற சர்ச்சை. இதைப் பக்தியோடு மட்டும் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு அது அதிகாரக் கணக்காகவும் தெரிந்தது: பதவியில் இருப்பவர் தமிழ்ச் சமூகத்துக்குக் காட்டக்கூடிய, புத்ராஜெயாவின் கையெழுத்து தேவைப்படாத மிகப் பெரிய காரியம் அதுதான்.

கசப்பான சோதனை 2009லேயே வந்துவிட்டது. தீவின் உள்ளே, மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கம்போங் புவா பாலாவை மேம்பாட்டு நிறுவனம் காலி செய்யச் சொன்னது. நிலத்தைக் கூட்டுறவு ஒன்றுக்குக் கொடுக்கும் முடிவு முந்தைய ஆட்சியில் எடுக்கப்பட்டது. உரிமை மாற்றம் யார் காலத்தில் முடிந்தது என்று இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டன. நீதிமன்றத்தில் கிராமத்தார் தோற்றார்கள். மாநில அரசு பேசியதில் இரட்டை மாடி வீடுகள் ஈடாக முன்வைக்கப்பட்டன. பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை மறுத்தார்கள். செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. பாடாங் ஜாவா கோயில் இடிப்பின் கோபத்தில் ஆட்சிக்கு வந்தவர்களின் முதல் இரண்டு ஆண்டுக்குள் இது. துணை முதல்வர் நாற்காலியில் தமிழர் இருந்தார், புல்டோசர் நிற்கவில்லை. நிலச் சட்டத்துக்கு முன்னால் அந்த நாற்காலியின் கை எவ்வளவு குட்டை என்பதைக் கிராமத்தார்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள். ஈட்டு வீடு கிடைத்ததை வெற்றி என்று எழுதியவர்களும் உண்டு. மாட்டுக்கொட்டகை இல்லாத இடத்தில் இரட்டை மாடி வீடு அந்தக் குடும்பங்களுக்கு என்ன தொழிலைத் தந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

ஏலம் நடந்த பத்தாண்டு

2008இலிருந்து 2018 வரை மலேசியத் தமிழர் ஓட்டுக்கு இரண்டு பேர் விலை சொன்னார்கள். கூட்டரசில் தேசிய முன்னணி, பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் எதிர்க்கட்சிகள். பிரதமர் நஜிப் பத்துமலைத் தைப்பூசத்துக்கு வந்தார், 'நம்பிக்கை' என்று தமிழிலேயே சொன்னார், புதிய தமிழ்ப்பள்ளிகளை அறிவித்தார். 2009இல் மக்கள் சக்தி என்ற பெயரில் ஒரு கட்சியையே அவர் தொடங்கிவைத்தார். 2013 ஏப்ரல் 18 அன்று, பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், வேதமூர்த்தி தலைமையிலான இண்ட்ராஃப் தரப்போடு உடன்படிக்கை. வேதமூர்த்தி துணை அமைச்சரானார், 2014 பிப்ரவரியில் விலகினார்.

அந்த ஏலத்தில் பினாங்கின் பதில் இரண்டாம் துணை முதல்வர் பதவி. ம.இ.கா. என்ன சொன்னாலும், 'உங்களிடம் துணை முதல்வர் உண்டா?' என்று மேடையில் கேட்க முடிந்தது. பதவியின் உண்மையான மதிப்பு அங்கே இருந்தது என்று நினைக்கிறேன். பிறையில் மட்டுமல்ல, தீபகற்பம் முழுக்க ஜ.செ.க.வுக்கு அது விளம்பரம்.

2018இல் கூட்டரசு ஆட்சி மாறியது. 2022 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு ஜ.செ.க. இருக்கும் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் தேசிய முன்னணியும் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தன. அதே தேர்தலில், 2013இலிருந்து கஸ்தூரி பட்டுவிடம் இருந்த பத்து காவான் முதல்வர் சௌ கொன் இயோவுக்குப் போனது. 2023 மாநிலத் தேர்தல்களில் ம.இ.கா. ஒரு தொகுதியிலும் நிற்கவில்லை. பினாங்கில் ஜ.செ.க. 19 இடத்தில் நின்று 19லும் வென்றது. இரண்டும் சேர்ந்த கூட்டணிக்கு மொத்தம் 29, எதிரணியான பெரிக்காத்தானுக்கு 11. தமிழர் ஓட்டுக்கு எதிர்விலை சொல்ல ஆள் இல்லாத முதல் தேர்தல் அது. பாஸ் கட்சியின் தோளில் நிற்கும் பெரிக்காத்தானுக்கு அந்த ஓட்டு போய்விடும் என்று ஜ.செ.க. பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுப்பதற்கு அதைவிடப் பத்திரமான நேரம் கிடையாது.

இராமசாமி நீக்கப்பட்டதற்கு உள்கட்சி அணிகள், வயது, தலைமுறை மாற்றம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இருக்கலாம். 2013இலும் இதே காரணங்களைச் சொல்லியிருக்க முடியும். அன்றைக்கு யாரும் சொல்லத் துணியவில்லை.

தமிழரா, இந்தியரா

சரி, சீக்கியர் அந்தப் பதவியில் இருக்கலாமா? இதில் ஒரு தரப்பின் வாதம் எனக்கு ஒப்பவில்லை. ஜக்டீப்பின் தந்தை கர்ப்பால் சிங் ஜெலுத்தோங்கிலும் பிறகு புக்கிட் குளுகோரிலும் சீன வாக்காளர்களின் ஓட்டில் பல ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்குப் போனவர். ஓட்டுக்கும் இனத்துக்கும் முடிச்சுப் போடத் தேவையில்லை என்பதைப் பினாங்கு அவர் மூலம் காட்டியது. இராமசாமியின் வெற்றியும் அதே வகை. ஒன்றைக் கொண்டாடிவிட்டு மற்றதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் எதிர்த் தரப்பின் 'எல்லோரும் இந்தியர்தானே' என்ற பதிலும் சோம்பேறித்தனமானது. இந்தியர் என்று எண்ணப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஒதுக்கீட்டை நியாயப்படுத்தப் பயன்பட்ட பிரச்சினைகள் தமிழ்ப்பள்ளி, தோட்டத்திலிருந்து இறங்கிய குடும்பங்களின் வறுமை, தமிழர் கோயில் நிலம். பதவியை இந்தக் குறைகளின் பெயரில் உண்டாக்கிவிட்டு, நிரப்பும்போது படிவத்தில் உள்ள இனப் பெயரைக் காட்டுவது வசதியான தாவல். 2023 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மாற்றத்தில் மனிதவள அமைச்சர் வ. சிவகுமார் நீக்கப்பட்டு கோபிந்த் சிங் டியோ அமைச்சரானபோது இதே சண்டை நாடு தழுவி நடந்தது. கோபிந்த், ஜக்டீப்பின் தம்பி. அது எரிச்சலைக் கூட்டியதே தவிர விவாதத்தைத் தெளிவாக்கவில்லை.

'தமிழர்' என்று சொன்னாலும் எல்லை தெளிவதில்லை. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தீவின் பழைய தமிழர்கள். அரசியலமைப்பின் 160ஆவது பிரிவு இஸ்லாத்தைப் பின்பற்றி, மலாய் பேசி, மலாய் வழக்கத்தில் வாழ்பவரை மலாய்க்காரராக ஏற்கிறது. அந்த வாசல் வழியாகப் பல குடும்பங்கள் அம்னோ பக்கம் போய்விட்டன. வீட்டில் தமிழ் இருக்கும், அரசியலில் இருக்காது. இரண்டாம் துணை முதல்வர் விவாதத்தில் அவர்களை யாரும் எண்ணவே இல்லை.

இராமசாமி கட்சியிலிருந்து விலகி 2023 நவம்பரில் 'உரிமை' என்ற கட்சியை அறிவித்தார். சங்கப் பதிவதிகாரி அதைப் பதிவு செய்யவில்லை. பதிவு கிடைத்தாலும் முதலில் சொன்ன கணக்கு மாறாது: மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பிறையிலேயே அந்தக் கட்சிக்கு வேறொருவரின் ஓட்டு தேவை. அது ஜெயிக்குமா என்பதைவிட, ஜ.செ.க.வுக்கு மறுபடியும் ஒரு பயத்தைத் தர முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

கட்சியின் வேட்பாளர் பட்டியலில் வாக்காளருக்குச் சொல் இல்லை. தொகுதி எல்லையில் கொஞ்சம் உண்டு. கடைசி எல்லைச் சீரமைப்பு 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு சீரமைப்புகளுக்கு இடையே குறைந்தது எட்டு ஆண்டு இருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. பிறையின் கோடு எந்தத் தாமானை (குடியிருப்பை) சேர்த்து எதை விடுகிறது என்பதில் அந்த மூன்றில் ஒரு பங்கு ஏறலாம், இறங்கலாம். தேர்தல் ஆணையம் பரிந்துரையை வெளியிட்ட ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள 100 பேர் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்தால் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். பதின்மூன்றாம் அட்டவணையில் உள்ள இந்த உரிமைக்குக் கட்சிச் சீட்டு தேவையில்லை.